தரைக்குக் கொடுத்த பயிற்சி

மார்ச் 3, செவ்வாய்

அன்பு மகளுக்கு,

கையைத் தவிர இங்கே எல்லாம் நலம். உறைமேல் இருக்கும் கிறுக்கலைப் பார்த்து, யாருக்கோ வந்த கடிதம் என்று தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடாதே. உன் அப்பன்தான்.

நீ கிளம்பிப் போய் மூன்று வாரம் ஆகிறது. ஆறு தடவை போனில் பேசினோம். ஆறு தடவையும் ஒரே வசனம்.

“என்னப்பா? கேக்கல. சத்தமா பேசுங்க.”

“சத்தமாத்தாம்மா பேசுறேன்.”

“முணுமுணுக்காதீங்க. கோவம்னா நேரா சொல்லிடுங்க.”

எனக்குக் கோபமே இல்லை. தொண்டை கிழியக் கத்துவதாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்; உன் பக்கம் கொசு பறக்கிற அளவுக்குத்தான் வந்து சேர்கிறது. பார்க்கின்சன் என்றால் கை நடுங்கும் என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். அது குரலையும் சீவி எடுத்துவிடும் என்று எனக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி மேடம் சொல்லித்தான் தெரியும். எழுத்தையும் அப்படித்தான். யானை அளவில் ஆரம்பிக்கிறேன், வரி முடிவதற்குள் எறும்பாகிவிடுகிறது. நான் பெரிதாகத்தான் எழுதுகிறேன் என்று கை சத்தியம் செய்கிறது.

அதற்காக மேடம் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். சின்னப் பிள்ளைகளின் இரட்டைக் கோட்டு நோட்டு. ஒவ்வோர் எழுத்தும் மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் தொட வேண்டும்.

“யாருக்கு எழுதுறது மேடம்?”

“உங்ககிட்ட கோவமா இருக்கிறவங்க யாராவது இருக்காங்களா?”

“பெரிய லிஸ்டே இருக்கு.”

“அதுல முதல் ஆளுக்கு எழுதுங்க.”

அப்படித்தான் நீ மாட்டினாய்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் நான் சமையலறையில் விழுந்ததை உன்னிடம் மறைத்தது தப்பு. நெற்றியில் இருந்த காயத்துக்கு அலமாரிக் கதவின் மேல் பழி போட்டதும் தப்பு. கீழ்வீட்டு டெய்லரம்மா ‘தொம்முனு சத்தம் கேட்டுச்சே’ என்று உன்னிடம் போட்டுக் கொடுத்திராவிட்டால் அந்த அலமாரி இன்னும் குற்றவாளியாகவே இருந்திருக்கும். நீ பெட்டியோடு வாசலில் நின்று சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. “இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா வீட்டப் பூட்டிட்டு என்கூட வந்துடணும். சரியா?” நான் சரி என்றேன். அந்தச் சரியில் மாற்றமில்லை.

ஆனால் ஏன் எனக்கு வர விருப்பமில்லை என்பதை அன்றைக்கு வாய் குழறிச் சொல்லாமல் விட்டேன். உன் வீட்டில் நான் சொகுசாக இருப்பேன். என்னைச் சோபாவில் உட்கார வைத்து, தண்ணீர் கூடக் கைக்குக் கொண்டுவந்து தருவீர்கள். ஆறே மாதத்தில் நான் அந்தச் சோபாவில் ஒரு தலையணை ஆகிவிடுவேன். இங்கே தண்ணீர் வேண்டுமென்றால் நான் எழுந்தாக வேண்டும்.

பக்கம் முடிந்தது. கடைசி வரியைப் படிக்கப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டால், அந்தச் செலவு என் கணக்கு.

அப்பா


மார்ச் 11, புதன்

அப்பா,

கடிதம் கிடைத்தது. கடைசி நான்கு வரியை உங்கள் மாப்பிள்ளைதான் படித்துச் சொன்னார்.

போனில் நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைத்து ஆறு தடவையும் நான் வைத்த பிறகு அழுதிருக்கிறேன். இதை மேடம் முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் முன்பே கேட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அலமாரிக் கதவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நான் பஸ்களுக்கு நேர அட்டவணை போடுகிறவள். ஒரு பஸ் தாமதமாக வந்தால் எனக்குக் கோபம் வராது. தாமதமாக வந்துவிட்டு, சரியான நேரத்துக்கு வந்ததாக டிரைவர் எழுதி வைத்தால், அன்றைக்கு அந்த வழித்தடம் முழுவதும் எனக்குப் பொய்யாகிவிடுகிறது. நீங்கள் ‘நல்லா இருக்கேன்’ என்று இனி சொன்னால் நான் எப்படி எடுத்துக்கொள்வது?

அதனால் எண்கள் வேண்டும். வாரத்துக்கு எத்தனை நாள் பயிற்சி, எத்தனை நிமிடம், மாத்திரை எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் தடுமாற்றம். பெரிய எழுத்தில்.

விழுந்தால் வர வேண்டும். அதில் பேச்சில்லை. உள் அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன்.

மகள்


மார்ச் 20, வெள்ளி

அன்பு மகளுக்கு,

எண்கள்: வாரம் ஐந்து நாள், தினம் நாற்பது நிமிடம். அதில் இரண்டு நாள் பயிற்சி நிலையத்தில், மூன்று நாள் வீட்டுக் கூடத்தில். மாத்திரை காலை ஏழு, பதினொன்று, மூன்று, இரவு ஏழு. விழுந்தது: பூஜ்யம். தடுமாறும் இடம்: கதவு. எந்தக் கதவு என்று கேட்காதே. எல்லாக் கதவும்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முப்பத்தொரு வருஷம் லிப்ட் ரிப்பேர் செய்த எனக்கு இப்படியொரு விசித்திரமான பழுது கைக்கு வந்ததேயில்லை. கூடத்தில் நன்றாக நடந்து வருவேன். படுக்கையறை வாசல் வந்ததும் இரண்டு காலும் தரையோடு ஒட்டிக்கொள்ளும். முன்னால் ஒன்றுமே இருக்காது. ஆனால் காலுக்கு ஏதோ இருக்கிறது. லிப்டில் கதவுக்குச் சென்சார் இருக்குமே, அதன்மேல் தூசி படிந்துவிட்டால் யாரோ குறுக்கே நிற்கிறார்கள் என்று நினைத்துக் கதவு மூடவே மூடாது. எத்தனையோ மாடிகளில் அந்தத் தூசியைத் துடைத்திருக்கிறேன். இப்போது தூசி எனக்குள்ளே.

இன்னொன்று கேள். நம் வீட்டு மாடிப்படி பதினெட்டு. அதில் நான் நிற்காமல் ஏறுகிறேன்! சமதரையில் தடுக்குகிறவன் படியில் ஏறுகிறான். இதை மேடத்திடம் குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னேன்.

“சார், படி ஒவ்வொண்ணும் உங்க கண்ணுக்கு ‘இங்க கால வை’ன்னு சொல்லுது. வெறும் தரை ஒண்ணும் சொல்றதில்ல.”

“அப்ப தரையையும் பேச வெச்சுட்டா?”

“வெச்சுப் பார்ப்போம்” என்று சொல்லி, ஒரு சாக்பீஸை எடுத்து வாசலுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டைத் தாண்டச் சொன்னார். தாண்டினேன். அவ்வளவுதான், வாசலைக் கடந்துவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் சாக்பீஸால் எந்த லிப்டையும் நான் ஓட வைத்ததில்லை.

நடக்கும்போது இன்னொரு சட்டமும் போட்டிருக்கிறார்: ஜோக் கூடாது. என் வாயும் காலும் ஒரே மோட்டாரில் ஓடுகின்றன என்று கண்டுபிடித்துவிட்டார். நான் ஏதாவது நக்கலடிக்க யோசித்தாலே கால் நின்றுவிடுகிறது. எங்கள் வகுப்பில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இருக்கிறார். அவருக்கும் இதே நோய்தான். நான் நின்றுபோனால் உடனே அறிவிப்பார்: “மேடம், இவர் மனசுக்குள்ள ஏதோ ஜோக் சொல்லிக்கிட்டிருக்கார்.” எல்லாத் தடவையும் சரியாகத்தான் சொல்கிறார்.

அப்பா


மார்ச் 29, ஞாயிறு

அப்பா,

எழுத்து இந்தத் தடவை கடைசி வரைக்கும் நின்றது. மாப்பிள்ளை உதவி தேவைப்படவில்லை.

படியில் ஏறுகிறீர்கள் என்று படித்தேன். இறங்கும்போது? கைப்பிடியைப் பிடிக்கிறீர்களா? டெய்லரம்மாவிடம் போனில் கேட்டேன், “புடிச்சுக்கிட்டுத்தான் வர்றாரு, ஆனா பாட்டுப் பாடிக்கிட்டே வர்றாரு” என்றார்கள். ஜோக் கூடாது என்றால் பாட்டு மட்டும் எப்படிக் கூடும் என்று மேடத்திடம் கேட்டு எழுதுங்கள். குறை சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் ஒரு சோதனை இருக்கிறதாம். எங்கள் அலுவலக டாக்டர் சொன்னார். பதினான்கு நொடிக்கு மேல் எடுத்துக்கொண்டால் விழுகிற வாய்ப்பு அதிகம் என்றார். உங்கள் நேரம் என்ன?

உள் அறைக்கு வெளிர்நீலம் அடித்தாயிற்று. ஜன்னல் கிழக்குப் பக்கம்.

மகள்


ஏப்ரல் 9, வியாழன்

அன்பு மகளுக்கு,

பாட்டுக்குப் பதில் முதலில். பாட்டுக்குத் தாளம் இருக்கிறதாம். தாளம் காலுக்கு ஒரு கைப்பிடி மாதிரியாம். ஜோக்குக்குத் தாளம் கிடையாது, அது எங்கே முடியும் என்று சொல்கிறவனுக்கே தெரியாது. இது மேடம் சொன்னது. பாடுகிறவன் குரல் நன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று தலைமையாசிரியர் சேர்த்துக்கொண்டார்.

இப்போது சோதனை நேரம். என் நேரம் பதினொன்றரை நொடி.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தை முடித்திருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாய். திங்கட்கிழமை அப்படித்தான் ஒரு கடிதம் எழுதி, உறையும் ஒட்டி வைத்தேன். அதைக் கிழித்துப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். உன் கடிதம் வந்த அன்றே கூடத்தில் நாற்காலியைப் போட்டு, மூன்று மீட்டர் அளந்து, என் பழைய பெட்டியிலிருந்து மஞ்சள்-கறுப்பு டேப்பை எடுத்தேன். லிப்ட் கதவு திறந்து கிடக்கும்போது ஆள் வராமல் இருக்க ஒட்டுவோமே, அது. ஓரடிக்கு ஒரு கோடு ஒட்டினேன். திரும்புகிற இடத்தில் அரைவட்டமாக ஐந்து கோடு. முட்டி மடக்கி ஒட்டுவதற்கே ஒரு காலைப்பொழுது போயிற்று. முதல் நாள் பதினெட்டு நொடி. ஆறாம் நாள் பதினொன்றரை. நாற்காலியிலிருந்து எழுந்தால் கோடு கோடாக ராணுவ வீரன் மாதிரி போய் வருகிறேன். டெய்லரம்மா மேலே வந்து பார்த்துக் கைதட்டினார். மாமன்னன் மாதிரி இருந்தது எனக்கு.

புதன்கிழமை பயிற்சி நிலையத்தில் மார்தட்டினேன். மேடம், “அப்படியா! வாங்க, வராண்டாவுல நடந்து காட்டுங்க” என்றார். அங்கே பளிங்கு மாதிரி வழவழவென்று ஒரே நிறத்தில் தரை. நாற்காலியிலிருந்து எழுந்தேன். இரண்டடி வைத்தேன். கால் என்னைப் பார்த்தது, நான் காலைப் பார்த்தேன். திரும்பி வந்து உட்காரும்போது பத்தொன்பது நொடி.

“வீட்ல என்ன பண்ணீங்க?”

சொன்னேன்.

மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று புரிந்தது. “சார், நீங்க ஒரு வாரமா காலுக்குப் பயிற்சி குடுக்கல. உங்க வீட்டுத் தரைக்குக் குடுத்திருக்கீங்க. தரை நல்லாத் தேறியிருக்கு.”

தொழில் புத்தி, வேறென்ன. லிப்ட் தடத்தில்தான் ஓடும். தடத்தைச் சரி செய்தால் லிப்ட் சரியாகிவிடும். காலுக்கும் தடம் போட்டுவிட்டேன். உன் வீட்டுத் தரையில் டேப் இல்லை, தெருவில் இல்லை, டாக்டர் அறையில் இல்லை.

டேப் போட்டது தப்பில்லையாம், அதை மெல்ல மெல்ல எடுக்க வேண்டுமாம். கோடு தரையிலிருந்து தலைக்குள் போக வேண்டுமாம். இனி இரண்டு நாளைக்கு ஒரு கோடு பிய்க்கப் போகிறேன். பிய்த்த இடத்தில் கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, ‘பெருசா, பெருசா’ என்று வாய்விட்டுச் சொல்லிக் காலை வீசி வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் நான் ஏதோ பேரம் பேசுகிறேன் என்று நினைப்பார்களோ என்னவோ.

ஆகவே உன் அட்டவணையில் பத்தொன்பது என்று எழுதிக்கொள்.

அப்பா


ஏப்ரல் 18, சனி

அப்பா,

பத்தொன்பது என்று எழுதிக்கொண்டேன்.

கடிதத்தை மாப்பிள்ளையிடம் வாசித்துக் காட்டினேன். ‘தரை நல்லாத் தேறியிருக்கு’ என்ற இடத்தில் அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கிழித்துப்போட்ட கடிதத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அது வந்திருந்தால் நான் நம்பியிருப்பேன். உங்களை வெளியே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். ஏதோ ஒரு வழவழத் தரையில்... வேண்டாம்.

நேற்று ஒரு வேலை செய்தேன். யாரும் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, சமையலறையிலிருந்து கூடம் வரை உங்களைப் போலக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து பார்த்தேன். வழக்கமாக எனக்குப் பன்னிரண்டு எட்டு. அப்படி நடந்தால் நாற்பத்தொன்று. முடிப்பதற்குள் முதுகு வலித்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை நீங்கள் சமையலறைக்குப் போகிறீர்கள்? இதை நான் இத்தனை நாள் கேட்கவேயில்லை.

திரும்பும்போது என்ன செய்கிறீர்கள்? நான் நின்ற இடத்திலேயே சுழன்றபோது இரண்டு காலும் பின்னிக்கொண்டன. அரைவட்டம் அதற்காகத்தானா?

உள் அறையில் கட்டில் வந்துவிட்டது. கேட்டதால் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் கேட்காமல் இருப்பதும் எனக்குத் தெரிகிறது.

மகள்


ஏப்ரல் 30, வியாழன்

அன்பு மகளுக்கு,

நீ காலைத் தேய்த்து நடந்த கதையைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். “என் பையன் இன்னும் என் மாத்திரை பேரே கேக்கல சார்” என்றார். அதற்கு மேல் அன்றைக்கு யாரும் ஜோக் சொல்லவில்லை.

ஆமாம், அரைவட்டம் அதற்காகத்தான். நின்ற இடத்தில் திரும்பக் கூடாது. லாரி மாதிரி அகலமாக வளைத்துத்தான் திரும்ப வேண்டும்.

கோடுகளில் ஆறுதான் மிச்சம். வராண்டா நேரம் பதினாறு. மாத்திரையின் வேகம் குறைகிற நேரத்தில் பதினெட்டு. இரண்டையும் எழுதிக்கொள். சமையலறைக்கு ஒரு நாளைக்குப் பதினாலு தடவை போகிறேன். எண்ணிப் பார்த்தேன்.

இந்த வாரம் புதுப் பாடம். மேடம் தரையில் ஒரு பாயை விரித்து, “படுங்க சார்” என்றார். ஆஹா, கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு பயிற்சி வந்தது என்று படுத்தேன்.

“இப்ப விழுந்துட்டீங்கன்னு வெச்சுக்குங்க. எழுந்திரிங்க.”

கரப்பான்பூச்சி மல்லாந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அதற்கும் எனக்கும் மீசை ஒன்றுதான் வித்தியாசம், எனக்கு மீசை இல்லை. ஜனவரியில் சமையலறையில் நான் எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று உன்னிடம் சொல்லவில்லை. டெய்லரம்மாவுக்கும் அது தெரியாது. ஐம்பது நிமிடம். விழுந்ததை மறைத்ததற்கு அதுதான் உண்மையான காரணம். வலியை விட, எழுந்திருக்கத் தெரியாமல் கிடந்தது வெட்கமாக இருந்தது.

எழுந்திருப்பதற்கு ஒரு முறை இருக்கிறதாம். அவசரப்படாமல் முதலில் எங்கே வலி என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு பக்கமாகப் புரள வேண்டும். கையையும் முட்டியையும் ஊன்றி, குழந்தை மாதிரித் தவழ்ந்து நாற்காலிக்குப் போக வேண்டும். இருக்கையில் கை வைத்து, ஒரு காலை முன்னால் ஊன்றி, தள்ளி எழ வேண்டும். முதல் நாள் மேடம் கை கொடுத்தும் முடியவில்லை. இன்றைக்கு ஆறு நிமிடத்தில் நானாக எழுந்தேன். வகுப்பே கைதட்டியது. அறுபத்தேழு வயதில் தவழ்ந்ததற்குக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

கட்டிலைப் பற்றி நான் கேட்காததற்குக் காரணம் பயம். வேறொன்றுமில்லை.

அப்பா


மே 13, புதன்

அன்பு மகளுக்கு,

இன்று காலை பத்தே முக்காலுக்கு விழுந்தேன்.

இடம் படுக்கையறை வாசல். பதினொரு மணி மாத்திரைக்குக் கொஞ்சம் முன்பு, கால் கனமாகிற நேரம். வாசலில் அழைப்பு மணி அடித்தது. யார் என்று தெரிந்துகொள்ளும் அவசரத்தில் நின்ற இடத்திலேயே திரும்பிவிட்டேன். லாரியை மறந்து ஆட்டோவாகிவிட்டேன். இடது இடுப்பில் அடி. வீக்கம் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டார், எலும்புக்கு ஒன்றுமில்லை.

கீழே எப்படி இருந்தது என்றால், முதலில் ஜனவரிதான் ஞாபகம் வந்தது. ஐம்பது நிமிடம். பிறகு எங்கே வலிக்கிறது என்று தேடினேன். தேட ஆரம்பித்ததும் பயம் கொஞ்சம் ஒதுங்கி நின்றது. புரண்டேன், தவழ்ந்தேன். கட்டில் ஓரம் உயரம் போதவில்லை, கூடத்து நாற்காலி வரை போனேன். எழுந்து உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால், ஏழே நிமிடம். மணி அடித்தவர் போய்விட்டார். யார் என்று இன்னும் தெரியவில்லை.

டெய்லரம்மா கடைக்குப் போயிருந்தார். சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. நெற்றியில் காயமில்லை, எந்தக் கதவையும் குற்றம் சொல்லத் தேவையுமில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் விட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. டாக்டரிடம் போவதற்கு முன்பே இதை எழுத உட்கார்ந்தேன். கை நடுக்கத்தில் முடியவில்லை, வந்துதான் முடிக்கிறேன்.

சரி என்று சொன்னவன் நான். பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கி வைத்திருக்கிறேன். துணி எடுத்து வைக்கவில்லை. உன் பதில் வரட்டும்.

கூடத்துத் தரையில் இப்போது ஒரு கோடுகூட இல்லை. நேற்றுதான் கடைசியைப் பிய்த்தேன்.

அப்பா


மே 19, செவ்வாய்

அப்பா,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் நின்றுகொண்டே படித்தேன். விதியைப் போட்டவள் நான். படித்து முடித்ததும், கிளம்பச் சொல்லி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ‘உடனே’ என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. நீங்கள் சொல்வீர்களே, கால் நின்றுவிடுவதை, அது மாதிரி.

வீட்டுக்குப் போய், உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தேன். எங்கே வலிக்கிறது என்று தேடினேன். இடது பக்கமாகப் புரள முயன்றேன். கட்டில் கால் இடித்தது. வலது பக்கம் சுவர். அந்த அறையில் நீங்கள் விழுந்தால் புரள இடமே இல்லை அப்பா. நாற்காலியும் இல்லை. இரண்டு மாதமாக அதற்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன்.

இடுப்பில் அடிபட்டது இடது பக்கம் என்றால், நீங்கள் எந்தப் பக்கமாகப் புரண்டீர்கள்? வலிக்கிற பக்கம் கீழே வந்ததா, மேலே இருந்ததா? தவழும்போது முட்டிக்குக் கீழே பாய் இல்லையே, எப்படி? ஏழு நிமிடத்தில் எது அதிக நேரம் பிடித்தது? மணி அடித்தால் அவசரப்படாமல் ‘இருங்க’ என்று குரல் கொடுக்க அந்தக் குரல் வாசல் வரை போகுமா? போகாதென்றால் அதற்கு என்ன வழி?

பெட்டியைத் திரும்ப மேலே வையுங்கள். நீங்கள் வைக்காதீர்கள், டெய்லரம்மாவை வைக்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். எழுந்திருப்பதை முதலிலிருந்து எனக்குச் செய்து காட்டுங்கள், நானும் கூடவே படுத்து எழுந்து பார்க்க வேண்டும். கூடத்தில் ஒரு நாற்காலி போதுமா, இரண்டு போட வேண்டுமா?

மகள்